இரவல் வாங்கிய மூன்று போல்ட்டுகள்

நாலு தடவை "டுக் டுக்" என்று சீராக அடித்துவிட்டு, ஐந்தாவதில் விக்கல் எடுத்தாற்போல் சற்றே தடுமாறி, பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடியும் தொடங்கும் அந்த எஞ்சினின் சத்தத்தை இன்றைக்கும் என்னால் வாயால் செய்து காட்ட முடியும். என் பேரக் குழந்தைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது மிச்சமிருந்து கேட்டால், "மாப்பிள்ளை வண்டி!" என்று ஜன்னலுக்கு ஓடுவார்கள்.

மாப்பிள்ளை வண்டி என்பது என் பெரியப்பாவின் கார். இங்கிலாந்தில் செய்தது, மேலே உள்ள துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த கார் ஆகிவிடும். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து நான் பிறப்பதற்கு முன்பே பெரியப்பா அதை வாங்கியிருந்தார். கோட்டைப் பகுதியில் இருந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு அவர் தினமும் ரயிலில்தான் போவார். கார் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதற்கும், அக்கம்பக்கத்துத் தமிழர் வீடுகளில் கல்யாணம் என்றால் "ஜானவாச"த்துக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, முன்னே நாகஸ்வரமும் தவிலும் போக, கோயிலிலிருந்து பந்தலுக்கு ஊர்வலமாக அழைத்து வருவோமே, அதற்கு. தாம் கல்யாணமே செய்துகொள்ளாத பெரியப்பா, மாதுங்காவின் மாப்பிள்ளைகளையெல்லாம் இப்படி ஓட்டிப்போய்ப் பந்தலில் இறக்கிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லப்போவது நடந்தது 1944-ஆம் வருஷம் தை மாதம். தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, ஆகையால் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்து எங்கள் ஜன்னல்கள் அதிர்ந்தபோது, விசாலம் அத்தை புக்ககத்திலிருந்து பிறந்தகத்துக்கு வந்திருந்தாள். எனவே அவள் கல்யாணம் அதற்கு முன்பு. ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தலையில் கட்ட ஆரம்பித்த பிறகுதான் கல்யாணம் என்பதும் நிச்சயம், ஏனென்றால் அந்தக் கோதுமை இல்லாவிட்டால் இதில் எழுத ஒன்றுமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே வரும் தை ஒன்றே ஒன்றுதான்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததுமே மாப்பிள்ளை வண்டியின் ஊர்வலங்கள் நின்றுபோயிருந்தன. இருட்டடிப்பு உத்தரவுக்காக முன்விளக்குகளின் மேல்பாதி கறுப்புச் சாயம் பூசப்பட்டு, சக்கரங்கள் தரையில் படாமல் செங்கல் அடுக்கின் மேல், கட்டடத்தின் பின்பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் அது நின்றது. தூக்கத்தில் பாதிக் கண் மூடிய கிழவர் போல இருக்கும்.

விசாலம் அத்தை பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்தது பெரியப்பாதான். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். அத்தையைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு ஒரு கால் சற்று மெலிந்து குட்டையாக இருந்தது. சிறு வயதில் வந்த ஜுரம் என்றார்கள். கோலை ஊன்றிக்கொண்டு அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது, ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு பெண்கள் நின்றார்கள். அத்தைக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்த சில நாட்களில் அவள் பெரியப்பாவிடம் போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"அண்ணா, ஜானவாசத்துக்கு நம்ம வண்டி ஓடுமா?"

"கூப்பன் சேர்த்து வெச்சிருக்கேன். ஏன் கேக்கறே? அவா ஒண்ணும் கேக்கலையே?"

"அவா கேக்கலை, நான்தான் கேக்கறேன். அன்னிக்கு அவர் மாடி ஏறறச்சே அத்தனை பேரும் காலைப் பார்த்தா. மூஞ்சியை ஒருத்தரும் பார்க்கலை. ஊர்வலத்துல அவர் நடக்கப்படாது."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓடும்டீ. நான் சொல்றேன், ஓடும்" என்றார்.

பொங்கல் முடிந்த கையோடு அவர் நல்ல வேளை பார்த்து, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்து, திரும்பப் பொருத்த ஆரம்பித்தார். மூடியைச் சுற்றிலும் போல்ட்டுகள். வண்டி கிழக்குப் பார்த்து நின்றது. முன்மூலையில் தொடங்கி, வலமாக, ஒரு போல்ட்டைக் கடைசி வரை இறுக்கிவிட்டு அடுத்ததற்கு, அதை முடித்துவிட்டு அதற்கடுத்ததற்கு என்று பிரதட்சிணமாகவே போனார். எத்தனையோ புத்தகம் படித்தவர்தான். ஆனால் மங்கள காரியத்துக்கு எடுக்கிற வண்டியை வேறு விதமாகத் திருகலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. முன்பெல்லாம் எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. இந்தத் தடவை, சுற்று முடிகிற மூலையில் மூன்று போல்ட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, கழுத்தில் முறிந்தன. உள்ளே சிக்கிய துண்டுகளைக் குறடால் திருகி எடுக்க முடிந்ததே, அது ஒன்றுதான் அன்றைக்கு நல்ல காலம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கல்யாண வேலை ஒரு பக்கமும் போல்ட் தேடும் வேலை ஒரு பக்கமுமாக நடந்தது. மளிகைக்கும் ஜவுளிக்கும் அப்பா அலைந்தார். பெரியப்பா என்னை அழைத்துக்கொண்டு போல்ட்டுக்கு அலைந்தார். என்னை எதற்கு என்றால், கடைகளில் பழைய போல்ட்டுகளை ஆழமான தகர டப்பாக்களில் குவித்து வைத்திருப்பார்கள், அடிவரை துழாவ என் கைதான் நுழையும். சனிக்கிழமை மத்தியானங்களில் வீடு திரும்பும்போது என் விரல்களில் துருவும் கிரீஸும் கலந்த ஒரு வாடை வீசும். சோறு பிசைந்தாலும் போகாது.

குர்லாவில் கடைசல் பட்டறைகள் எத்தனையோ இருந்தன, எல்லாம் யுத்த ஆர்டர்களில் மூழ்கியிருந்தன. புதிதாகச் செய்து தர இரும்பும் இல்லை, ஆளும் இல்லை. "ஹோலி கே பாத் ஆவோ, சேட்" என்று கையை விரித்தார்கள். ஹோலிக்குப் பிறகு வந்தால் மாப்பிள்ளை எங்கே உட்காருவார்? சோர் பஜாரில் கிடைத்த போல்ட்டுகளோ எங்களை வேறு விதமாக ஏமாற்றின. தலை அளவு கச்சிதமாக இருக்கும், பெரியப்பாவின் ஸ்பானர் அழகாகப் பிடிக்கும், ஆனால் ஓட்டையில் வைத்துத் திருகினால் இரண்டு சுற்று போய் முரண்டு பிடித்து நின்றுவிடும். அங்கே பழைய கார்ச் சாமான் விற்ற தாடிக்காரக் கிழவர் ஒருவர் எங்கள் முறிந்த போல்ட்டை வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சர் அங்கிரேஜ் கா, பதன் கிஸீ ஔர் கா!" தலை இங்கிலீஷ்காரனுடையது, உடம்பு வேறு யாருடையதோ என்கிறார். அந்தக் காலத்தில் செய்த சில எஞ்சின்களில் போல்ட்டின் தலை ஆங்கில அளவிலும் திருகு மரை வேறு தேசத்து அளவிலும் இருந்ததாம். இதே ஜாதி வண்டி இன்னொன்று கிடைத்தால் ஒழிய இந்தப் போல்ட் கிடைக்காது என்று சொல்லி, எங்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான் குடித்தேன். வெளியில் டீ குடிக்காத பெரியப்பா தம்முடையதையும் எனக்கே கொடுத்தார்.

விக்டோரியா குதிரை வண்டி வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா சொன்னார். ஆனால் முந்தைய வருஷம் ஒரு கல்யாணத்தில் தவில் சத்தத்துக்கு மிரண்ட குதிரை, மாப்பிள்ளையோடு கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. அதை நினைவுபடுத்தியதும் அந்த யோசனை அதோடு போயிற்று. கார் வைத்திருந்த இரண்டொருவரும் பெட்ரோல் இல்லை என்று கையை விரித்தார்கள். வண்டி இல்லை, ஊர்வலம் நடந்துதான் வரும் என்று செம்பூருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. அன்று அத்தை முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முறுக்கும் வட்டமாக வரவில்லை.

இங்கேதான் கோதுமை வருகிறது. மாதுங்கா மாவு மில்லில் வரிசை நீண்டுவிட்டதால், எங்கள் வீட்டு வேலைக்காரம்மாவோடு என்னைத் தாராவிப் பக்கம் இருந்த ஒரு மில்லுக்கு அம்மா அனுப்பினாள். தகரக் கொட்டகை. இன்னும் அதன் அருகே போகவில்லை, தெருமுனையிலேயே நான் நின்றுவிட்டேன். டுக், டுக், டுக், டுக், ஒரு விக்கல். டுக், டுக், டுக், டுக், ஒரு விக்கல்.

கோதுமையையும் வேலைக்காரம்மாவையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "பெரியப்பா! நம்ம கார் தாராவில ஓடறது!"

"நம்ம கார் கீழே செங்கல் மேல நிக்கறதுடீ" என்றார். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டார்.

எங்கோ மோதி நசுங்கிய காரிலிருந்து எஞ்சினை மட்டும் எடுத்துச் சிமெண்டு மேடையில் பூட்டி, பெல்ட் போட்டு, பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடவைத்து மாவு அரைத்துக்கொண்டிருந்தார் மில்லுக்காரி பவளக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயது நாற்பது இருக்கும். கணவர் மிளகாய் மூட்டை வியாபாரத்துக்கு ஊருக்கும் பம்பாய்க்கும் அலைய, மில்லை இவரே பார்த்துக்கொண்டார். புருவம் வரை மாவு. பெரியப்பா எஞ்சினைப் பார்த்ததும் கோயில் சிலையைப் பார்த்தவர்போல நின்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"மூணு போல்ட்டா? மூணு பல்லப் புடுங்கித் தான்னு கேளுங்க சாமி, தந்திருதேன்" என்றார் பவளக்கா. "இது நின்னுச்சுன்னா இந்தத் தெருவுல அடுப்பு எரியாது. ரேசன்ல கோதம்புதான குடுக்கான்? அத முழுசா முழுங்கவா செய்வாவ?"

"ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான் அம்மா. கல்யாண ஊர்வலம். எங்க குடும்பத்துக்கு ஒரு கௌரவம் இருக்கு..."

"கௌரவம் நடந்து போனா தேஞ்சிருமாக்கும்?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் காலைப் பற்றி அந்தக் கூட்டத்தில் சொல்லப் பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை. திரும்பிவிட்டார்.

வீட்டில் நான் அதை அப்படியே, பவளக்காவின் குரலிலேயே, அத்தையிடம் சொல்லிக் காட்டினேன். அத்தை கைவேலையை வைத்துவிட்டு எழுந்தாள். அன்று காலைதான் பந்தக்கால் நட்டிருந்தது.

"பந்தக்கால் நட்டாச்சு. கல்யாணப் பொண்ணு வாசல் தாண்டப்படாதுடீ" என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்கா போறேன், மன்னி? கோதுமை அங்கேயே கிடக்கு, மாவு வாங்கிண்டு வரப் போறேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மில்லின் இரைச்சலில் அத்தை முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பவளக்கா காதருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினையே நிறுத்திவிட்டார். "இப்பச் சொல்லு தாயி" என்றார். அந்த நிசப்தத்தில், அத்தனை பெண்களும் கேட்க, அத்தை அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. காதில் போட்டிருந்த தோடு வரை அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன்.

"அவருக்கு ஒரு கால் குட்டை, அக்கா. கோலை ஊன்றிண்டு நன்னாவே நடப்பார். ஆனா அன்னிக்கு ஊரே காலைத்தான் பார்க்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லாரும் அவர் மூஞ்சியைப் பார்க்கட்டும்னு நேக்கு ஆசை."

வரிசையில் முதலில் நின்ற பெண் தன் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "குடுத்திரு பவளம். ஒரு நேரம் கஞ்சியக் காய்ச்சிக் குடிச்சிக்கிடுதோம்" என்றாள்.

"நானா குடுக்க மாட்டேன்னேன்?" என்று சீறினார் பவளக்கா. "அந்தச் சாமி கௌரவத்துக்குல்லா கேட்டாரு! மாப்பிளைக்குன்னு கேக்கலியே. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. எரவல் நகை குடுத்தா நான் கூடவே வருவேன். கல்யாணம் முடியுத வரைக்கும் கழுத்த விட்டுக் கண்ண எடுக்க மாட்டேன், முடிஞ்சதும் கழத்தி என் முந்தியில முடிஞ்சுக்கிட்டுத்தான் போவேன். இதுக்கும் அதேதான். சம்மதமா?"

அத்தை தலையை ஆட்டினாள். அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்ததால், மாவுத் தூக்கை நான் வாங்கிக்கொண்டேன்.

ஜானவாசத்தன்று மத்தியானம், மில்லைப் பூட்டிவிட்டு, பட்டுப் புடவை உடுத்தி, தலையில் கனகாம்பரத்தோடு பவளக்கா வந்து இறங்கினார். மூன்று போல்ட்டுகளும் மஞ்சள் துணியில் முடிந்திருந்தன. அம்மா அவருக்குச் சந்தனம் குங்குமம் கொடுத்துவிட்டு, போல்ட்டுகளுக்கும் ஒரு பொட்டு வைக்கப் போனாள், பெரியப்பா அவசரமாகப் பிடுங்கிக்கொண்டார்.

வண்டி ஓடிக் காட்டும் வரை செம்பூர்க்காரர்களுக்குச் சேதி சொல்ல வேண்டாம் என்றுவிட்டு, கொட்டகையில் அவர் வேலையைத் தொடங்கினார். முன்மூலையிலிருந்து, வலமாக. பக்கத்தில் நின்று தம் பொருளைக் காவல் காத்துக்கொண்டிருந்த பவளக்கா, "என்ன சாமி, நீங்களும் சன்னதியத்தான் சுத்துதீயளா? நானும் இப்பிடித்தான் சுத்துவேன். எனக்கும் அப்பப்ப ஒடையத்தான் செய்யுது. கண்ணேறுன்னு எலுமிச்சங்கா கட்டிப் போட்டிருக்கேன்" என்றார். பெரியப்பாவின் கை ஒரு கணம் நின்றது. எலுமிச்சங்காய் கட்டலாமா என்று அவரும் யோசித்தார் என்றே நினைக்கிறேன்.

அந்த வேளையில் அம்மா அங்கே வந்தாள். கணவருடைய அண்ணாவிடம் அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை அவர் காதில் விழும்படி என்னிடம் சொல்வாள். அவரும் பதிலை என்னிடமே சொல்வார். எங்கள் வீட்டில் தபால் நான்தான்.

"கமலா, பெரியப்பா கை துடைக்கிற துணி என் மாவடுப் பரணி கட்டற துணி, அதைக் கேளு. அப்படியே இதையும் சொல்லு. பரணி வாய்க்குத் துணி கட்டறச்சே ஒரு பக்கத்துலேர்ந்து இழுத்து இறுக்கிண்டே வந்தா, கடைசிப் பக்கம் சுருங்கித் தூக்கிண்டு நிக்காதோ? எதிரும் புதிருமா, கொஞ்சம் கொஞ்சமா இழுத்துண்டுதான் கட்டணும். இதுவும் ஒரு மூடிதானே?"

பெரியப்பா எஞ்சினைப் பார்த்தார். பிறகு நான் தபாலைச் சேர்ப்பதற்குள், "கமலா, நானும் அப்படித்தான் செய்ய இருந்தேன்னு அம்மாகிட்டே சொல்லு" என்றார். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, நடுவிலிருந்து, எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பவளக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா முன்பக்கக் கம்பியைச் சுழற்றினார். இருமிற்று. மறுபடி சுழற்றினார். டுக், டுக், டுக், டுக், டுக், டுக். நான் காத்துக்கொண்டே இருந்தேன், விக்கல் வரவே இல்லை. ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்த மூடி இத்தனை வருஷமும் மூச்சு விட்டதுதான் அந்த விக்கல். பவளக்காவின் மில் ஏன் அதே மாதிரி விக்கிற்று என்பதும் அப்போது எல்லாருக்கும் விளங்கியது. பெரியப்பா காரின் முன்பக்கத்துப் பானெட்டை மூடிவிட்டு அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் ஊர்வலம் முடிய வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினோம். மாலையும் பட்டு அங்கவஸ்திரமுமாக மாப்பிள்ளை காரில் உட்கார்ந்தார். கோலைப் பெரியப்பா தம் காலடியில் வைத்துக்கொண்டார். தெருவின் இரு பக்கத்து மாடிகளிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்தது மார்புக்கு மேலே உள்ள மாப்பிள்ளைதான். "என்ன களையான மூஞ்சி!" என்று இரண்டாம் மாடியிலிருந்து யாரோ உரக்கச் சொன்னது தவில் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எங்கள் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். காருக்குப் பக்கத்திலோ, சூடு தாங்காமல் முந்தானையைச் சுருட்டி வைத்து அதன் மேல் கையை ஊன்றி, பானெட்டை ஒட்டியே பவளக்கா நடந்து வந்தார். "இவா யாரு, மாப்பிள்ளைக்கு அத்தையா?" என்று சிலர் கேட்டார்கள். "நகை குடுத்தவா" என்று நான் சொன்னேன்.

மறுநாள் தாலி கட்டி, சாப்பாடும் ஆனதும், சொன்னது போலவே மூன்றையும் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டு, தாம்பூலமும் பட்சணமும் வாங்கிக்கொண்டு பவளக்கா மில்லுக்குத் திரும்பினார். வழியனுப்பப் போன அத்தையிடம், "எளவு, இனிமே எதிரும் புதிருமா இறுக்கணுமாக்கும். அதுக்கு ஒரு கல்யாணத்துக்கு வர வேண்டியிருக்கு" என்றார். மில்லின் விக்கலும் அந்த வாரமே நின்றது. யுத்தம் முடிந்து சாமான்கள் கப்பலில் வரத் தொடங்கியதும் பெரியப்பா இங்கிலாந்துக்கு எழுதி ஒரு பெட்டி போல்ட் தருவித்தார். அதில் முதல் பாதி தாராவிக்குப் போயிற்று.

பல வருஷங்களுக்குப் பிறகு, செம்பூர் வீட்டுப் பால்கனியில், அத்தை உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, அத்திம்பேர், அதாவது அத்தையின் கணவர், தாமாகவே ஒன்றைச் சொன்னார். "வண்டி கிடையாது, நடந்துதான் வரணும்னு சேதி வந்துதோல்லியோ, கமலா? அன்னிலேர்ந்து விடிகாலம்பற இந்த ரோடுல கோல் இல்லாம நடந்து பழகினேன். அப்போ இங்கே ஈ காக்காய் கிடையாது. விழுந்தும் இருக்கேன். விசாலத்துக்குத் தலை குனியப்படாதேன்னு. ஜானவாசத்தன்னிக்குக் கோயில் வாசல்ல கோலை ஓரமா சாத்தி வெச்சுட்டு, பல்லைக் கடிச்சுண்டு நிக்கறேன், வண்டிச் சத்தம் கேக்கறது! அப்பாடான்னு இருந்தது பாரு, அந்த மாதிரி அப்பாடா என் ஜன்மத்துல அப்புறம் வரலை. அவகிட்டே சொல்லிடாதே."

நான் சொல்லவில்லை. அத்தை தாராவிக்குப் போனதையும் அவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அத்தையும் என்னிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தபாலாக இருந்த நான் சேர்க்காமல் வைத்துக்கொண்ட கடிதங்கள் இவை இரண்டுதான். இப்போது இருவரும் இல்லை, எழுதிவிட்டேன்.

சென்ற மாதம் மாதுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எங்கள் பழைய கட்டடம் இருந்த இடத்தில் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கவேண்டிய ஒரு கட்டடம் நிற்கிறது. மாவு மில் இருந்த தெருவை என்னால் அடையாளம் காண முடியவில்லை. கொட்டகை போயிற்று, செங்கல் போயிற்று, பெரியப்பா, பவளக்கா, அம்மாவின் பரணிகள், எல்லாம் போயிற்று. போனவற்றில் நான் வருத்தப்படாத ஒன்று அந்த விக்கல். வாடகைக்கு எடுத்த நீளமான கார் ஒன்றில், ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மாப்பிள்ளை வந்து இறங்கினார். சத்தமே இல்லை. கூட்டத்தில் எட்டி நின்று எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தபோது, பழக்கதோஷத்தில் நான் பானெட்டின் பக்கமே பார்த்தேன். அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு யாரும் கூடவே நடந்து வரவில்லை.